குனிந்த தலைக்கு ஒரு சம்மன்

டிரைவர் கிரகரியண்ணனின் ‘சீ’யைச் செய்து காட்டச் சொன்னால், எந்தச் ‘சீ’ என்று கேட்டுக்கொண்டுதான் நான் ஆரம்பிப்பேன். மூன்று வேளையும் தட்டில் மரவள்ளிக் கிழங்கைப் பார்க்கும்போது வருவது மூக்கு வழியாக வரும் சின்னச் ‘சீ’. மழையில் நனைந்த கரி மூட்டையைப் பார்த்தால் பல்லிடுக்கில் ‘ச்ச்சீ’. எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் ராஜநாயகம் கிராணியைப் பார்த்தால் மட்டும் சத்தமே வராது. உதடு கோணும், எச்சில் சேரும், கிராணி தாண்டிப் போன பிறகு ரோட்டோரத்தில் போய் விழும்.

ஜப்பான்காரன் வந்து இரண்டாவது வருஷம் அது. மலாயாவில், பிரிஞ்சாங்குக்கு மேலே இருந்த எங்கள் எஸ்டேட்டில் வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய், தேயிலை பாதிக்கு மேல் காடேறிக் கிடந்தது. மீதி இடத்தில் மரவள்ளி. பெட்ரோலைக் கண்ணால் பார்த்தே ஒரு வருஷம் ஆகியிருந்ததால் எஸ்டேட்டின் ஒரே லோரி கரியில் ஓடியது. பின்பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு டிரம் இருக்கும். அதில் கரியைக் கொட்டித் தீ மூட்டி, காற்றாடியைக் கையால் சுற்றி, அந்தப் புகை எஞ்சினை ஓட்டுகிற பதத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். கிரகரியண்ணனுக்கு அப்போது நாற்பது வயது. தாப்பா ரோட்டைத் திறந்த நாளிலிருந்து அதன் வளைவுகளில் ஓட்டியவர், வண்டியில் ஒரு கீறல் விழவிட்டதில்லை. கரி லோரியைக் கட்டிக்கொண்ட பிறகு, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வரும்போதுகூட அவர் காதுக்குள் கறுப்பாகத்தான் இருக்கும்.

ராஜநாயகம் கிராணி வெள்ளைக்காரன் காலத்தில் ‘யெஸ் சார், யெஸ் சார்.’ இப்போது ‘ஹாய், ஹாய்.’ குரல் அதே குரல்தான், எண்ணெயில் ஊறவைத்த மாதிரி. முதுகும் அதே முதுகு, வளைவுதான் கூடியிருந்தது. ஜப்பான்காரன் யாராவது எஸ்டேட்டுக்கு வந்தால், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வரிசையாக நிற்கும் ஆட்களுக்குப் பின்னால் அவர் ஓடுவார். எவனாவது குனிந்தது போதாது என்று பட்டால் பிடரியில் கையை வைத்து அழுத்துவார்.

“குனிடா கழுத! குனி! என் தலைய சீவிருவான்டா!”

குளிர் எலும்பைத் துளைக்கிற காலையிலும் அந்தக் கை ஈரமாகவே இருக்கும். வாங்கினவர்களுக்குத் தெரியும். நானும் வாங்கியிருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மரவள்ளி மூட்டைகளோடு லோரி தானா ராத்தா டவுனுக்குப் போனது. கிராணி முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். டவுன் முனையில் ஜப்பான்காரனின் காவல் சாவடி. யாராக இருந்தாலும் அங்கே வண்டியை நிறுத்தி, இறங்கி, குனிந்துவிட்டுத்தான் போகவேண்டும். கிரகரியண்ணன் பிரேக்கை மிதித்து வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தார். சாவடிக்கு முன்னால் ஓர் அதிகாரியின் கார் நின்றது. அதிகாரி அப்போதுதான் கதவைத் திறந்து இறங்கினார். அதைப் பார்த்ததும் கிராணிக்குப் பாதி உயிர் போய்விட்டது. லோரி நிற்கும்வரை பொறுக்கவில்லை.

“குனிடா! பெரியவர்டா!”

கை பிடரியில் விழுந்தது. கிரகரியண்ணனின் நெற்றி ஸ்டீரிங்கில் இடித்தது, கால் பிரேக்கிலிருந்து வழுக்கியது. லோரி இரண்டு முழம் உருண்டு காரின் பின்னால் ‘டங்’கென்று முட்டியது. ஒரு விளக்கு உடைந்தது, மட்காட்டில் கிண்ணம் அளவுக்கு ஒரு குழி. லங்கார், மோதல் என்று பார்த்தால் அவ்வளவுதான்.

“குரா! பகேரோ!” என்று அதிகாரி கத்தினார்.

கிரகரியண்ணனுக்குக் கன்னத்தில் இரண்டு விழுந்தது. கிராணிக்கு ஒன்றும் விழவில்லை. அவர் இன்னும் நிமிரவே இல்லை, அறைவதற்குக் கன்னம் கிடைக்கவில்லை.

அறையோடு போயிருந்தால் யாரும் அதைப் பற்றிப் பேசியிருக்கமாட்டோம். அந்த அதிகாரியோ சட்டம் பார்க்கிற ஆள். போலீசைக் கூப்பிட்டார். கொப்ரல் யூசோப் வந்து சம்மன் எழுதினார். வெள்ளைக்காரன் அச்சடித்து விட்டுப்போன அதே பாரம்தான். மேலே இருந்த கிரீடத்தை மட்டும் மையால் இரண்டு கோடு போட்டு அடித்திருந்தார்கள். குற்றம், ரோட்டைப் பார்க்காமல் ஓட்டியது. செவ்வாய்க்கிழமை சாட்சியோடு ஸ்டேஷனுக்கு வரவேண்டும். தப்பு உறுதியானால் லைசென்ஸ் அங்கேயே கிழிக்கப்படும்.

அந்தச் சின்னப் புத்தகம்தான் அப்போது கிரகரியண்ணனின் உயிர். சயாமில் ரயில் பாதை போடுவதற்கு எஸ்டேட்டிலிருந்து பன்னிரண்டு ஆள் கேட்டிருந்தார்கள். முன்னால் போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை, காகிதமும் வரவில்லை. கிராணி, மருந்து கொடுக்கும் டிரெசர், லைசென்ஸ் உள்ள டிரைவர், இவர்களை மட்டும் தொடக்கூடாதென்று உத்தரவு. லைசென்ஸ் போய்விட்டால் டிரைவரும் வெறும் ஆள்தான். அந்தப் பேர்ப்பட்டியலை எழுதுகிற பென்சில் ராஜநாயகம் கிராணியின் காதில் செருகியிருந்தது.

மறுநாள் கிரகரியண்ணனும் அவர் மனைவி பிலோமியும் ஆபீஸ் வாசலில் போய் நின்றார்கள்.

“கிராணியாரே, செவ்வாக்கெழம வந்து நடந்தத சொல்லிருங்க.”

“நடந்தது என்ன கிரகரி? நீ தூங்கிட்ட.”

“நானா? உங்க கைதானே என் பெடரில இருந்துச்சு?”

“என் கையா? என் கை என் மடியிலல்ல இருந்துச்சு. வேதப்புத்தகத்து மேல சத்தியம் பண்ணட்டா?”

“பண்ணுங்க,” என்றாள் பிலோமி. “அந்தக் கையாலேயே பண்ணுங்க.”

கிராணி பென்சிலை எடுத்து நுனியை ஊதினார். “ரொம்ப பேசாத பிலோமி. பன்னெண்டாவது எடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. நம்ம தங்கராஜு ஓட்டப் பழகிட்டான்லா. லோரி நிக்காது, பயப்படாத.”

தங்கராஜு கிராணியின் மச்சான், அவர் மனைவியின் தம்பி. முப்பது வயது. தாப்பாவில் வேலை போனபின் மேலே வந்து, சம்பளத்துக்குப் பேர் எழுதும் எஸ்டேட் செக்ரோலில் பேர் இல்லாமல், கிரகரியண்ணனுக்குக் கரி உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். கரி நனைந்தால் அதைத் தன் அடுப்போரத்தில் பரப்பிக் காயவைத்துவிட்டுத்தான் தூங்குவான். அத்தான் இருக்கிற வீட்டில் இப்படி ஒரு ஆளா என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

அவன் லயத்து முனையில் கிரகரியண்ணனுக்காகக் காத்திருந்தான்.

“அண்ணே, உங்க சீட்டு எனக்கு வேணாம்ணே. அத்தான்கிட்ட சொல்லிட்டேன். காதுலயே வாங்க மாட்டேங்கறாரு.”

“சீ, நீ என்னடா பண்ணுவ.”

“ஒண்ணு சொல்றேன். ஸ்டேஷனுக்கு நான்தானே கீர கொண்டுபோறேன். கார்ல வந்த அந்தப் பெரியவரு சாப்பிட்டுட்டு ரெண்டு மணிக்குத்தான் வருவாரு. ஒரு நிமிசம் முந்தாது, பிந்தாது. அதுவரைக்கும் கொப்ரல் மட்டுந்தான்.”

கிரகரியண்ணன் பிடரியைத் தடவிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை ஒன்றரை மணிக்கு விசாரணை. சாட்சியாக வந்த கிராணி, சலவை செய்த வெள்ளைச் சட்டையில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கொப்ரலுக்குச் சீக்கிரம் முடித்துவிட்டுச் சாப்பிடப் போகவேண்டும்.

“தூங்கினியா, இல்லியா? செப்பாட், சீக்கிரம் சொல்லு!”

“தூங்கலைங்க கொப்ரல். எப்படி நடந்துச்சுன்னு காட்டறேன். ரெண்டு நாக்காலி போடுங்க.”

நாற்காலி வந்தது. ஸ்டீரிங்குக்குச் சமையலறையிலிருந்து ஒரு பானை மூடி வந்தது. கிரகரியண்ணன் இரண்டு நாற்காலியையும் வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டு, கிராணியைப் பக்கத்தில் உட்காரவைத்தார். பிறகு தான் மட்டும் எழுந்து நாற்காலிக்குப் பின்னால் போனார்.

“எங்க போற?”

“லோரிய கெளப்பணும்லங்க.”

இல்லாத மூட்டையைப் பிரித்தார். இல்லாத கரியைச் சுத்தியலால் உடைத்தார். பெரிய துண்டாக இருந்ததைத் திரும்ப உடைத்தார். டிரம்மில் கொட்டினார், நெருப்பு வைத்தார், ஊதினார், இருமினார். காற்றாடியைச் சுற்றினார், சுற்றிக்கொண்டே இருந்தார்.

“போதும், ஓட்டு!” என்றார் கொப்ரல்.

“பொக வந்துருச்சு. தீக்குச்சி வெச்சா பிடிக்கலைங்க. பிடிச்சாத்தான் எஞ்சின் கேக்கும்.”

“இது நாக்காலிடா!”

“கரி லோரின்னு நீங்கதானே சம்மன்ல எழுதியிருக்கீங்க.”

“எதுக்கு இந்தக் கூத்து?” என்று கிராணி கொட்டாவி விட்டார்.

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு அடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது தீக்குச்சி பிடித்தது. கிரகரியண்ணன் உட்கார்ந்து பானை மூடியைப் பிடித்து, நாக்கால் எஞ்சினை உறுமவைத்து ஓட்ட ஆரம்பித்தார். வெளியே பூட்ஸ் சத்தம் கேட்டது. அதிகாரி வாசலில் நின்றார்.

கொப்ரல் துள்ளி எழுந்து, குனியச் சொல்லும் ஜப்பான் வார்த்தையைக் கத்தினார். “கேரே!”

மடியிலிருந்த கை பறந்தது.

“குனிடா! பெரியவர்டா!”

கிரகரியண்ணனின் நெற்றி முழங்காலில் இடித்தது. பானை மூடி நழுவி உருண்டுபோய், அதிகாரியின் பூட்ஸில் முட்டி, வட்டமடித்து, படுத்தது. அதிகாரி பிடரியில் இருந்த கையைப் பார்த்தார். கொப்ரலும் பார்த்தார். கிராணிதான் கடைசியில் பார்த்தார், வேறு எவனோ அங்கே வைத்துவிட்டுப் போன கையைப் பார்ப்பதுபோல.

கொப்ரல் சைகையும் மலாயுமாக விளக்கினார். அதிகாரி சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அவருடைய அறையே தேவலை. சிரித்து முடித்துவிட்டுக் கிராணிக்கு ஓர் அறை கொடுத்தார். சம்மன் கிழிந்தது, லைசென்ஸ் தப்பித்தது. இனி டிரைவர் பக்கத்தில் யாரும் உட்காரக்கூடாதென்று உத்தரவு போட்டார்.

இரண்டு நாள் எஸ்டேட்டே சிரித்தது. ஒவ்வொரு லயத்திலும் நான் நாற்காலியும் பானை மூடியும் வைத்து நடித்துக் காட்டினேன். மூன்றாம் நாள் பெரட்டில் கிராணி சயாம் பட்டியலை வாசித்தார். பன்னிரண்டாவது பேர் தங்கராஜு.

“செக்ரோல்ல பேர் இல்லாதவன்தான் மொதல்ல போவணும். என் மச்சானையே குடுத்திருக்கேன், பாத்துக்குங்க! இந்த ராஜநாயகம் யாருன்னு பெரியவருக்கு இப்ப தெரியும்.”

அவர் வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி அழுகிற சத்தம் பெரட்டுவரைக்கும் கேட்டது. அவர் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார், கன்னத்தில் வீக்கம் இன்னும் வடியவில்லை. அன்றோடு நாற்காலிக் கூத்தை நிறுத்திவிட்டேன்.

பன்னிரண்டு பேரையும் தாப்பாவில் கொண்டுபோய் இறக்கும் வேலை கிரகரியண்ணனுடையது. பதினொரு பேர் பின்னால் ஏறினார்கள். தங்கராஜு ஏறப் போனபோது அவர் முன்கதவைத் திறந்தார்.

“அண்ணே, உத்தரவு இருக்கே. லைசென்ஸ் போயிரும்ணே.”

“ஏறுடா.”

சாவடிக்குப் பத்தடி முன்னாலேயே லோரியை நிறுத்தி, எல்லோரும் இறங்கிக் குனிந்தார்கள். காவல்காரன் முன்சீட்டைப் பார்த்தான், கொட்டாவி விட்டான், கையை அசைத்துப் போகச் சொன்னான். வளைவுகள் ஆரம்பித்ததும் தங்கராஜு கேட்டான்:

“சயாம்ல லோரி ஓட்ட ஆள் கேப்பாங்களாண்ணே?”

கிரகரியண்ணன் லோரியை ஓரம் கட்டி, இறங்கி, சுற்றிவந்து மறுபக்கம் ஏறினார்.

“ஓட்டு. கேட்டாங்கன்னா டிரைவர்னு சொல்லு. மலையில ஓட்டியிருக்கேன்னு சொல்லு. பிரேக்குல இருந்து கால எடுக்காத, எவன் தலையில கைய வெச்சாலும்.”

தாப்பாவரைக்கும் தங்கராஜுதான் ஓட்டினான். பின்னால் இருந்த பதினொரு பேரும் அதைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தன் காட்டிக் கொடுத்திருந்தால்கூட லைசென்ஸ் போயிருக்கும்.

அன்று சாயங்காலம் பிலோமி கேட்டாள், “தங்கராஜு எறங்கறப்ப என்ன சொன்னான்?”

“ரெண்டு மூட்ட கரி அவன் அடுப்போரத்துல காயுதாம். எடுத்துக்க சொன்னான்.”

தட்டில் மரவள்ளி இருந்தது. அன்றைக்கு அந்தச் சின்னச் ‘சீ’கூட வரவில்லை, சாப்பிடவும் இல்லை.

மறுநாள் காலை கிரகரியண்ணன் அந்தக் கரியைக் கொட்டிக் காற்றாடியைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, டவுனுக்குப் போவதற்காகக் கிராணி வந்தார். பழக்கத்தில் முன்கதவில் கை வைத்தார்.

“பின்னால ஏறுங்க.”

கிராணி கையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் வந்தார். “மச்சான் சந்தோசமாத்தானே போனான் கிரகரி? ரெண்டு மாசத்துல வந்துருவான்லா.”

கிரகரியண்ணன் காற்றாடியை நிறுத்தினார். நிமிர்ந்து, கிராணியின் முகத்தை நேராகப் பார்த்து, சத்தமாகச் சொன்னார்:

“சீ!”

நாங்கள் பத்துப் பேர் நின்றோம், எல்லோருக்கும் கேட்டது. கிராணி காதில் விழாததுபோல் வேட்டியைத் தூக்கிக்கொண்டு, டிரம்மின் புகைக்குப் பக்கத்தில், மரவள்ளி மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தார்.