புள்ளிக்கு அரை விலை

சுவரில் எழுத்து எழுதக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. எழுதுவதற்கு விலை சொல்லக் கற்றுக்கொள்ள பதினோரு வருடம் பிடித்தது.

கல்யாண ரவிக்கை தைப்பவர்கள், ஐந்நூறு பேருக்குச் சமைப்பவர்கள், ஒழுகும் கூரையைப் பார்க்க ஏணியோடு போகிறவர்கள் என்று, எங்கள் ஊர் 'லா' போட்டு "எவ்ளோ ஆகும் லா?" என்று யாராவது கேட்டதும் தானாகவே விலையைக் குறைத்துவிடுகிற அத்தனை பேரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். இது உங்களுக்காக எழுதியது. நான் மலேசியாவில், மெர்லிமாவில் இருக்கிறேன். மலாக்கா முழுக்கக் கடைச் சுவர்களிலும் மண்டபச் சுவர்களிலும் பெரிய பெரிய எழுத்தாகப் பெயர் எழுதுவது என் தொழில். கம்ப்யூட்டரில் அடித்து ஒட்டுவது இல்லை. பிரஷ் பிடித்துக் கையால் எழுதுவது. இப்போது அதற்கு நல்ல கிராக்கி. இங்கு அடிக்கிற வெயிலுக்கும் மழைக்கும் பேனர் ஒரு வருடத்தில் பல்லிளித்துவிடும், என் எழுத்து ஆறு வருடம் நிற்கும். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. கை நடுங்காது, கோடு கோணாது. விலை சொல்ல வாயைத் திறக்கும் அந்த ஒரு நிமிடம்தான் கொஞ்சம் தகராறு.

நாலு மோட்டார் நீளம்

மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் தம்பி ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு சுவரின் படத்தை அனுப்பினார். ஓடுகிற வண்டியிலிருந்து எடுத்த படம். பாதிச் சுவர், பாதி அவருடைய கட்டை விரல். கீழே, "அக்கா, எவ்ளோ?" என்று ஒரு வரி. அளவு என்ன என்று கேட்டேன். "பெருசு" என்று பதில் வந்தது. எத்தனை அடி என்று கேட்டேன். "ரொம்ப பெருசு" என்று வந்தது.

சரி, நேரில் வந்து அளந்துகொள்கிறேன் என்றேன். அதில் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் கடைச் சுவரின் அளவு தனக்குத் தெரியாதா என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. பத்து நிமிடம் கழித்து ஒரு குரல் பதிவு வந்தது. பின்னணியில் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். "அளந்துட்டேன் அக்கா. நாலு மோட்டார் நீளம், நிமித்தி வச்சா ரெண்டு மோட்டார் உயரம். கணக்கு கிரா பண்ணி விலைய அனுப்புங்க."

ஒல்லி எழுத்து

ஜாசினில் முடிவெட்டும் கடை வைத்திருக்கும் அண்ணன் என் விலையைக் கேட்டுவிட்டு, சுவரை ஒரு தடவையும் என்னை ஒரு தடவையும் பார்த்தார். "எழுத்த கொஞ்சம் ஒல்லியா எழுதினா கம்மியாகும்ல தங்கச்சி? சாயம் மிச்சம்தானே?" என்றார். குண்டு எழுத்தில் கை தப்பினால் ஓரத்தைச் சரிபண்ணிக்கொள்ளலாம், ஒல்லி எழுத்தை ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும், அதுதான் கஷ்டம் என்று எடுத்துச் சொன்னேன். அவர் மசியவில்லை. "அப்போ தலையில முடி கம்மியா இருந்தா நீங்க காசு கொறைப்பீங்களா அண்ணே?" என்று கேட்டேன்.

அவர் கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்தார். தொழில் மானம் பேசியது. "அது எப்படிம்மா? வழுக்கத் தலைக்குத்தான் நேரம் ஜாஸ்தி. இருக்கிற நாலு முடியக் காப்பாத்தணும்ல?" என்றவர், தான் யாருக்காகப் பேசுகிறோம் என்று அப்போதுதான் கவனித்தார். "சரி லா, உன் வெலையே இருக்கட்டும்."

அரை மாத்திரை

இப்படியெல்லாம் வாயாடுகிறவள்தான் லூபோக் சீனாவில் வசமாக மாட்டிக்கொண்டேன். அங்கே ஒரு பூக்கடை. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவருடைய மனைவியின் கடை. 'முத்தம்மாள் பூக்கடை' என்று பக்கச் சுவரில் எழுத வேண்டும். அந்தக் காலத்தில் நான் எழுத்துக் கணக்கில்தான் விலை சொல்வேன். எழுத்துக்கு இருநூறு வெள்ளி, பத்து எழுத்து, இரண்டாயிரம் என்றேன். வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரல் விட்டு எண்ணினார். எண்ணி முடித்ததும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதே நான் பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும்.

"பத்து எழுத்துன்னு எப்படிம்மா சொல்ற? இதுல நாலு புள்ளி வச்ச எழுத்து இருக்கே" என்றார். த், ம், ள், க். நான்கையும் காற்றில் எழுதிக் காட்டினார். நானும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்தவள்தான். இருந்தாலும் ஒரு வாத்தியார் முன்னால் நின்றதும் நாற்பது வயதிலும் கையைக் கட்டிக்கொள்ளத் தோன்றுகிறதே, அதற்கு என்ன செய்வது? புள்ளி வைத்த எழுத்துக்குப் புள்ளியையும் சேர்த்து எழுத வேண்டும், வேலை கூடத்தானே தவிரக் குறைவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மண்டையை ஆட்டிவிட்டேன். அவர் எவ்வளவு அன்பாகக் கேட்டார் என்கிறீர்கள்! "மெய்யெழுத்துக்கு அரை மாத்திரைதானேம்மா? அரை விலையே போட்டுக்கோ."

மஹால்

இரண்டாயிரம் ஆயிரத்து அறுநூறானது. மூன்றாம் நாள் சாரத்தின் மேல் நின்று 'மா'வின் காலுக்கு இரண்டாம் பூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. மெய்க்கு அரை மாத்திரை என்றால் நெடிலுக்கு இரண்டு மாத்திரை அல்லவா? 'மா'வுக்கும் 'பூ'வுக்கும் இரட்டை விலை அல்லவா கேட்டிருக்க வேண்டும்? இருபதடி உயரத்தில் நின்றுகொண்டு எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாத்தியார் மேல் இல்லை, என் மேல்தான்.

சாரம் வாடகைக்குக் கொடுக்கும் லிம் அங்கிள் அன்று மாலை கம்பிகளைப் பிரிக்க வந்தார். சாரத்து வாடகையும் பெயின்ட் காசும் போக என் மூன்று நாள் கூலிக்கு மிஞ்சியது ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோறு வாங்கத்தான் காணும். அழாத குறையாக அவரிடம் சொன்னேன். அடுத்த பெரிய சுவரிலும் இப்படித் தலையாட்டினால் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு, விட்டுவந்த கையுறைத் தொழிற்சாலைக்கே போய்விடுவேன் என்றும் சொன்னேன். சும்மா சொல்லவில்லை, பழைய சூப்பர்வைசரின் நம்பரைத் தேடி எடுத்தும் வைத்திருந்தேன்.

லிம் அங்கிள் முப்பது வருடம் தமிழர்களோடு வேலை பார்த்தவர். தமிழும் மலாயும் கலந்துதான் பேசுவார். விலை அதிகம் என்பதற்கு மலாயில் மஹால் என்பார்கள், மலிவு என்பதற்கு மூரா. அவர் முதன்முதலில் "சாரம் மஹால்" என்றபோது, அது ஏதோ கல்யாண மண்டபத்தின் பெயர் என்று நினைத்தவள் நான். அன்று அவர் சுவரைத் தட்டிக் காட்டினார். எவ்வளவு உயரம், முன்னால் சாக்கடை இருக்கிறதா, வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது, பழைய பெயின்ட் உரிகிறதா, இதையெல்லாம் பார்த்து மொத்தமாக ஒரு விலை சொல்ல வேண்டும் என்றார். எழுத்தை எண்ணி விலை சொன்னவளை அவர் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "சாயம் மூரா அக்கா, சாரம்தான் மஹால். சாரத்துக்குப் படிக்கத் தெரியாது லா, அரை எழுத்து முழு எழுத்து எல்லாம் அதுக்கு ஒண்ணுதான்."

லீலா சேலை மாளிகை

அந்த அடுத்த பெரிய சுவர் அலோர் காஜாவில் வந்தது. மூன்று மாடிக் கடைவீட்டின் மூலைச் சுவர். பஸ்ஸில் வருகிறவர்கள், அரசாங்க ஆபீசுக்குப் போகிறவர்கள் எல்லார் கண்ணிலும் படும். கடைக்காரி லீலாவுக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவு. பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் மேசை போட்டுச் சேலை விற்று, சொந்தமாகக் கடை பிடித்தவள். தன் பெயரை அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் எழுத வேண்டும் என்பது அவள் ஆசை. மலாய்ப் பெயர் மேலே, பெரிதாக. அதற்கு நான் சொன்ன விலையை உடனே ஒப்புக்கொண்டாள். கீழே தமிழ் வரி. நான் இரண்டு நாள் போய் அளந்து, தட்டிப் பார்த்து, மேற்கு வெயில் அடிக்கிற சுவர் என்பதால் காலையில் மட்டும்தான் எழுத முடியும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு போயிருந்தேன். தமிழ் வரிக்கு ஐயாயிரத்து இருநூறு வெள்ளி என்றேன். ஒரே மூச்சில் சொன்னேன்.

"எங்க மாமாவையும் ஒரு வார்த்த கேட்டுக்கிறேன் அக்கா" என்று லீலா உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். சேலைக் கட்டுகளுக்கு நடுவிலிருந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எழுந்து வந்தார் லூபோக் சீனா வாத்தியார்.

எனக்குத் தொழிற்சாலையின் ரப்பர் நாற்றமே மூக்கில் அடித்துவிட்டது. அவரோ மகிழ்ச்சியாக, "அடடே, நம்ம பொண்ணா! மொத்த விலை எதுக்கும்மா? இந்த உயரத்துக்கு எழுத்து ஐந்நூறுன்னு வச்சுக்குவோம். ஏழு எழுத்து, மூவாயிரத்து ஐந்நூறு. அதுலயும் புள்ளி எழுத்துக்கு..." என்று சொல்லிக்கொண்டே விரலை மடக்கினார். நான் கையைக் கட்டிக்கொள்ளவில்லை. இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"சரி சார், உங்க கணக்கே. ஐந்நூறும் நீங்க சொன்னதே. மாத்திரைக்கு ஐந்நூறு போடுவோம்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. 'லீலா சேலை மாளிகை' என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். இன்னொரு முறை சொன்னார். புள்ளி வைத்த எழுத்து ஒன்றுகூட இல்லை. "லீ ரெண்டு, லா ரெண்டு, சே ரெண்டு, லை ரெண்டு, மா ரெண்டு, ளி ஒண்ணு, கை ரெண்டு. பதிமூணு மாத்திரை சார், ஆறாயிரத்து ஐந்நூறு வெள்ளி" என்றேன். லீலா என்னைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். இங்கே அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் பேரம் பேசுகிறவர்தான், ஆனால் இலக்கணத்தில் பொய் சொல்ல மாட்டார். "நெடிலுக்கு ரெண்டுதான்" என்று ஒப்புக்கொண்டார். சட்டென்று கண்ணைத் திறந்தார். "ஆனா ஐகாரக் குறுக்கம் இருக்கே! சொல்லோட கடைசியில ஐ வந்தா ஒரு மாத்திரையா குறுகிடும். லையும் கையும் ஒண்ணு ஒண்ணுதான். பதினொண்ணு!" அந்தக் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். விலை பேச வந்தோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. எனக்கும் அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

லீலா கைபேசியில் பதினொன்றை ஐந்நூறால் பெருக்கி, திரையை மாமாவிடம் நீட்டினாள். "ஐயாயிரத்து ஐந்நூறு வருது மாமா. உங்க இலக்கணம் முந்நூறு வெள்ளி கூட கேக்குது. அக்கா சொன்ன வெலையே போதும் லா."

கீழே நின்றவர்

எட்டு காலைகளில் எழுதி முடித்தேன். வாத்தியார் அநேகமாகத் தினமும் வந்தார். சுவருக்குக் கீழே, பிளாஸ்டிக் பையில் கட்டிய ஐஸ் தேநீர் இரண்டோடு நிற்பார். ஒன்று எனக்கு, ஒன்று லிம் அங்கிளுக்கு. விலையைப் பற்றி அவர் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. கடைசிக்கு முந்தின எழுத்தில் நான் சுழியைத் திருப்பித் திருப்பிச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது மட்டும், கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு அண்ணாந்து கத்தினார். "ஏம்மா, 'ளி' ஒரு மாத்திரைதானே? அதுக்கு எதுக்கு இவ்ளோ நேரம்?"

தமிழ் படித்தால் சோறு கிடைக்குமா என்று யாராவது உங்களிடம் கேட்டால் அலோர் காஜாவுக்கு அனுப்பிவையுங்கள், அந்தச் சுவரைக் காட்டிவிட்டு, அதற்கும் தனியாக ஒரு விலை சொல்கிறேன்.