நிதானம் அக்காவின் செட்டிங்ஸ் கோப்பு

எங்கள் பத்திர நகல் அலுவலகத்தில் அவருக்கு ‘நிதானம் அக்கா’ என்று பெயர் வைத்தவர் யாரோ, வைத்தது கிண்டலுக்குத்தான். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவருடைய வலது கை விரல்கள் மந்தமாகிவிட்டன. விசையை அழுத்திய விரல் சட்டென்று மேலே வராது. அப்படியும் இந்த வருடம்வரை பன்னிரண்டு வருடமாக அவர் அடித்த பக்கங்களில் பிழை பார்க்கும் எனக்கு வேலையே வைத்ததில்லை.

காரணம் ஒரே ஒரு எண். விசையை அழுத்தியபடியே இருந்தால் அதே எழுத்து வரிசையாக விழும் அல்லவா? எவ்வளவு நேரம் பொறுத்து விழ வேண்டும் என்பதைத் திரையிலேயே நகர்த்தி வைக்கலாம். கடைசிக் கோடுவரை நகர்த்தியும் அக்காவின் விரலுக்குப் போதவில்லை. வேலைக்கு வந்த முதல் வாரமே செட்டிங்ஸ் கோப்பைத் தேடிப் பிடித்து, பத்திரமாக ஒரு நகல் எடுத்துக்கொண்டு, நோட்பேடில் திறந்து, ஐந்நூறு மில்லிவிநாடி இருந்த இடத்தில் ஆயிரத்து இருநூறு என்று போட்டார். கணினி வழிக்கு வந்தது.

இந்த வருடம் புதிதாக வந்த சிஸ்டம்காரருக்கு அது பொறுக்கவில்லை. எல்லாருக்கும் ஒரே அமைப்பு என்று பொதுக் கோப்பு ஒன்றைப் போட்டு, யாரும் மாற்ற முடியாதபடி பூட்டியும்விட்டார். நில எண் 14 என்பது 1444 ஆனது. அழிக்கப் போனால் அழிக்கும் விசை வரியையே தின்றது.

“ஸ்கேலே ஐந்நூறோட முடியுது. அதுக்கு மேல போட்டா தப்பான ஃபைல்தான்” என்றார் அவர்.

“ஸ்கேல் போட்டவரு என் விரலைப் பாத்தா போட்டாரு, தம்பி?” என்றார் அக்கா.

அவர் அடுத்த கணினியைப் பூட்டப் போய்விட்டார்.

அக்கா விடவில்லை. எப்படியோ பூட்டை எடுத்து எண்ணை மாற்றினார். மறுநாளே மாட்டிக்கொண்டார்; கோப்பு மறுபடி பூட்டப்பட்டது. பூட்டு விழுந்த மூன்று மாதத்தில் பிழைப் பதிவேட்டில் அக்கா பேரில் நாற்பத்தொரு பிழை. ஐம்பது ஆனால் தட்டச்சிலிருந்து தூக்கி ரெக்கார்டு ரூமில் போட்டுவிடுவார்கள். மேனேஜர் கூப்பிட்டார்.

“சிஸ்டம் ஃபைல்ல கை வெச்சது தப்புன்னு மன்னிப்புக் கடிதம் குடுங்கம்மா. இல்லன்னா நாளைலேருந்து ரெக்கார்டு ரூம்தான்.”

அக்கா தன் இடத்தில் உட்கார்ந்து கடிதத்தை அடித்தார். ஒரு எழுத்தைக்கூட அழிக்கவில்லை. மேனேஜர் அதைக் கிட்டே வைத்துப் பார்த்தார், எட்ட வைத்தும் பார்த்தார். பக்கம் முழுக்க எழுத்துகள் மந்தை மந்தையாக நின்றன; மன்னிப்பு எங்கே என்று தெரியவில்லை.

“இதை எப்படிம்மா ஃபைல்ல வைக்கறது?”

“நீங்க குடுத்த செட்டிங்ல இப்படித்தான் சார் வரும். இதைத்தானே மூணு மாசமா என் தப்புன்னு எண்ணினீங்க.”

அன்று மாலையே மேனேஜர் பூட்டை எடுக்கச் சொன்னார். மறுநாள் அக்கா அடித்த முப்பது பக்கத்தில் ஒரு பிழை இல்லை.

கதை இதோடு முடியவில்லை. பழைய நாற்பத்தொன்றைப் பதிவேட்டிலிருந்து நீக்கிவிடலாமே என்று கேட்டேன். “பதிவானது பதிவானதுதான்” என்றார் மேனேஜர். வருடக் கடைசியில் பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. நிதானம் அக்கா பெயர் இல்லை. காரணம் கேட்டதற்குப் பிழைப் பதிவேட்டை எடுத்துக் காட்டினார்கள். ஒவ்வொரு வரியிலும் ‘கவனக்குறைவு’ என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருந்தவன் நான்.