வீட்டிலும் இங்கிலீஷே

கடுகு வெடிக்கிற சத்தத்துக்கு மேலே அம்மாவின் இங்கிலீஷ் கேட்கும். அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் பொழுது அப்படித்தான் விடிந்தது. ஒரு கையில் கரண்டியும் மறு கையில் கைபேசியுமாக, எங்கள் ஊரில் நெல்லும் வேர்க்கடலையும் விளைகிற கதையை அவள் அடுப்பிடம் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருப்பாள். இரண்டு நிமிடம் நிறுத்தாமல் பேசிப் பழக வேண்டுமாம், அதற்குள் தாளிப்பு கருகிவிடும்.

அம்மா திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். விஜயபுரம் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவாள். வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்க இங்கிலீஷ் பரீட்சை தேற வேண்டும். எழுதுவது, படிப்பது, கேட்பது எல்லாம் தேறிவிட்டாள். பேசுவதில்தான் இரண்டு முறை விழுந்தாள். நோயாளிகளிடம் தெலுங்கிலும் எங்களிடம் தமிழிலும் கொட்டித் தீர்க்கிறவளுக்கு, பரீட்சைக்காரர் எதிரில் உட்கார்ந்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கோச்சிங் சென்டர் சார் அதற்கு ஒரே மருந்துதான் சொன்னார்: "இண்ட்லோ கூடா இங்கிலீஷே மாட்லாடண்டி." வீட்டிலும் இங்கிலீஷே பேசுங்கள் என்றார். அன்றைக்குப் பிடித்தது எங்கள் வீட்டுக்குச் சனி.

அதுவரை எங்கள் வீடு சண்டைக்கார வீடு. சோறு குழைந்தால் சண்டை, மோட்டார் போட மறந்தால் சண்டை. மாடு வாங்கியதும் என்னைப் பள்ளி மாற்றியதும்கூடச் சண்டையில் முடிவானவைதான். "உன்னைக் கட்டிக்கினு இன்னா சொகத்தைக் கண்டேன்" என்பாள் அம்மா. "மொதல்ல துன்னுடி, அப்பறம் திட்டு" என்பார் நைனா. அப்பாவை நாங்கள் 'நைனா' என்றுதான் கூப்பிடுவோம். அம்மாவுக்கு இங்கிலீஷில் சண்டை போட வரவில்லை. விருந்தாளி மாதிரி "ப்ளீஸ்" என்றாள், "தேங்க்யூ" என்றாள். நைனாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் மோட்டார், கரண்ட், ஓகே. குடிபாலாவிலிருந்து வந்த அத்தை ஒரு நாள் இருந்து பார்த்துவிட்டு, "இன்னாடி இது, எழவு வூடு கணக்கா கீது" என்று மறுநாளே பஸ் ஏறினாள்.

பரீட்சை நெருங்கிய ஒரு நாள் நைனா என்னை மாட்டுக்கொட்டகைக்குக் கூப்பிட்டார். "'போவாத'ன்றத இங்கிலீஷ்ல எப்டி சொல்றது?" என்று கேட்டார். "டோன்ட் கோ" என்றேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டியபடியே அதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். தமிழில் பேசி அவள் பரீட்சையைக் கெடுத்த பாவம் தன் தலையில் விழக்கூடாது என்று பயந்தார், பாவம் அந்த மனுஷன்.

சாயங்காலம் அம்மா பஸ் இறங்கி வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது, நைனா எதிரில் போய்ப் பள்ளிப் பிள்ளை மாதிரி கைகட்டி நின்று, "டோன்ட் கோ" என்றார். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. தனக்குப் பேச்சுத் துணை கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். "வெரி குட்! வொய்?" என்றாள். யார் எதைச் சொன்னாலும் 'ஏன்' என்று கேட்டுப் பேச்சை வளர்க்க வேண்டும் என்பது சார் சொல்லிக்கொடுத்த பாடம். ஏன் என்று சொல்ல நைனாவிடம் இங்கிலீஷ் இல்லை. கட்டிய கையை அவிழ்த்தார். பிறகு "ஓகே" என்று சொல்லிவிட்டு மோட்டார் போடப் போனார்.

அந்த முறை அம்மா தேறிவிட்டாள். பொங்கலுக்கு முன்பே விமானம் ஏறிவிட்டாள்.

அது ஆகி வருஷங்கள் ஓடிவிட்டன; நான் படித்து முடித்து வேலைக்கும் போகிறேன். இப்போது வீட்டில் தமிழுக்குத் தடையில்லை. ஞாயிறுதோறும் வீடியோவில் வரும் அம்மா, அங்கே பேச ஆளில்லாத தமிழையெல்லாம் எங்களிடம்தான் கொட்டுகிறாள். நைனா சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்து, மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறார். இருவருக்கும் நடுவில் இப்போது ஒரு சண்டைகூட இல்லை.

போன மாதம் அம்மா திடீரென்று கேட்டாள்: "எனக்குப் போதும்னு தோணுது. வந்துடட்டா?"

பழைய நைனா என்றால், "இதுக்கு ஒரு கேள்வியாடி, கெளம்பி வா" என்று பாய்ந்திருப்பார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "உன் இஷ்டம்" என்றார்.

"சரி, இன்னும் ரெண்டு வருசத்துக்கு இங்கியே வேலைக்குக் கையெழுத்து போட்டுடறேன்" என்றாள் அம்மா.