சிவப்புப் பொட்டு வைத்த கோப்பைகள்

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்கில் ஒரு ஷூ தொழிற்சாலையில் பதினாறு வருடமாக மேல்தோல் தைப்பவள் சிபுயிலே சோண்டி. தையல் நூல் பிடித்தாற்போல நேராகப் போகும். வாய்தான் இஷ்டத்துக்குத் திரும்பும். உடம்பில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பது மட்டும் அந்த வாயிலிருந்து ஒன்பது வருடமாக வெளியே வரவில்லை. மகளுக்குத் தெரியும், கிளினிக்குக்குத் தெரியும், அவ்வளவுதான்.

கிளினிக்கில் மாத்திரை கொடுக்கும் நேரத்தை மாற்றியதில் வந்தது வினை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அரை நாள் விடுப்பு வேண்டும். காரணத்தையும் எழுதி, மேனேஜர் இண்ட்லேலாவிடம் தனியாகக் கடிதம் கொடுத்தாள். ஒரே வாரத்தில் டீ அறையில் அவளுடைய கோப்பை மட்டும் ஒதுங்கி நின்றது, அடியில் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டோடு.

கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். முகம் கழுவி வந்து மிச்சத் தையலை முடித்தாள்.

மறுநாள் மகளின் நகப்பூச்சுப் புட்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் வந்தாள். முப்பத்தெட்டுக் கோப்பைக்கும் பொட்டு வைத்து, எல்லாவற்றையும் கலந்து அடுக்கினாள். இண்ட்லேலாவின் கோப்பையும் தப்பவில்லை. டீ நேரத்தில் அவர் கையிலிருந்ததைக் கவிழ்த்துப் பார்த்தார். வாயருகே கொண்டுபோகவில்லை.

"இதுல உன்னோடது எது, மா சோண்டி?"

"பொட்டு வச்சது நீங்கதானே பாபா. நீங்கதான் சொல்லணும்."

அறையே சிரித்தது. அந்தக் கோபத்தில் அவளை மெஷினிலிருந்து எழுப்பி முற்றம் பெருக்க அனுப்பினார். வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை, வராதவருக்கு வேலை இல்லை என்றும் அறிவித்தார்.

சிபுயிலே துடைப்பத்தோடேயே அவர் அறைக்குப் போனாள்.

"நான் முதல் ஆளா வர்றேன் பாபா. லேபர் கோர்ட்டு அனுமதி குடுத்த காயிதத்தை மட்டும் காட்டிடுங்க."

அப்படி ஒரு காயிதமே கிடையாது என்றார் அவர். அவள் சுவரில் தொங்கிய டயர் கம்பெனி காலண்டரைத் துடைப்பக் கட்டையால் தூக்கினாள். தொழிலாளர் கண்ணில் படும்படி மாட்டவேண்டிய சட்டச் சுருக்கம் அதன் பின்னால் மஞ்சள் பூத்துக் கிடந்தது. கோர்ட்டு சம்மதமில்லாமல் எச்.ஐ.வி. பரிசோதனை கூடாது, அதைக் காட்டி யாரையும் ஒதுக்கவும் கூடாது. இண்ட்லேலா உதடசைய இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை உட்கார்ந்துகொண்டு படித்தார்.

தொழிலாளர் துறைக்கு அவள் எழுதிய புகாரின் நகல் முதலாளியம்மாவுக்குப் போனது. விசாரணைக்கு நாள் குறிப்பதற்குள்ளேயே மெஷின் திரும்பக் கிடைத்தது, அரை நாள் விடுப்பும் கிடைத்தது. கடிதத்தில் இருந்ததை வெளியே சொன்னது தன் தப்பு என்று இண்ட்லேலா கையெழுத்துப் போட்டு மன்னிப்புக் கேட்டார். வெள்ளிக்கிழமை எவர் ரத்தமும் எடுக்கப்படவில்லை.

அதற்கப்புறம் மூன்று பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல், விடுப்புக் கடிதம் எழுதித் தரச்சொல்லி அவளிடம் வந்தார்கள். யார் யார் என்று மகள் துளைத்தெடுத்தாள். சிபுயிலே எண்ணெயில் பொரித்த மக்வின்யா பணியாரம் ஒன்றைப் பிட்டு வாய் நிறைய அடைத்துக்கொண்டு, பேச முடியவில்லை என்று கையைக் காட்டினாள்.