நான் சிறைக்கு அனுப்பிய நிரபராதி

வானொலி நிலையத்தில் நாடகம் எழுதும் வேலை எனக்கு. ஆள் குறைந்தால் நடிக்கவும் வேண்டும். ஐம்பதுகளின் கடைசியில் திருச்சியில் கோர்ட்டு வழக்குகளை வைத்து வாராந்திரத் தொடர் ஒன்று எழுதினேன். பதின்மூன்று வாரம் என்று திட்டம். அதில் நீதிபதி நான்தான். சட்டம் தெரியாது, தொண்டை இருந்தது.

நான்காம் வாரக் கதை நிஜமாக நடந்தது. காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய காதர்மேல் ஏலக்காய் திருடியதாக வழக்கு. பார்த்ததாகச் சொன்ன சாட்சி, போலீஸ் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன் என்று கூண்டிலேயே ஒப்புக்கொண்டான். காதர் விடுதலை. ஆனாலும் மண்டி முதலாளி வேலை கொடுக்கவில்லை. கோர்ட்டு விட்டாலும் ஊர் நம்ப வேண்டுமே என்றாராம்.

அதனால்தான் நாடகமாக்கலாமா என்று நான் கேட்டதும் காதர் சம்மதித்தார். "ரேடியோவுல சொல்லிட்டா ஊரு நம்பிரும், ஐயா. முதலாளியையே கூட்டியாந்து கேக்க வைக்கிறேன்" என்றார். நான் பெயரை மாற்றி எழுதினேன். அவரோ, அது என் கதைதான் என்று மார்க்கெட் முழுக்கச் சொல்லி வைத்தார்.

அப்போது நாடகம் நேரடி ஒலிபரப்பு. சிவப்பு விளக்கு எரிந்தால் பேசியது பேசியதுதான். அன்று மாலை விளக்கு எரிய இருபது நிமிஷம் இருக்கும்போது நிலைய அதிகாரி கடைசித் தாளைத் திருப்பிக் கொடுத்தார். சாட்சி ஒப்புக்கொள்ளும் இடத்தில் சிவப்பு மை. விடுதலை, இரண்டு வருஷக் கடுங்காவல் ஆகியிருந்தது.

காதரின் வேலை இதில்தான் இருக்கிறது என்று சொன்னேன்.

"போலீஸ் பொய் கேஸ் போட்டுச்சுன்னு சர்க்கார் மைக்குல சொல்லச் சொல்றீங்களா? பேரைத்தான் மாத்திட்டீங்களே, அப்புறம் என்ன?"

நான் கொதித்தேன். எப்படிக் கொதித்தேன் என்றால், சத்தமே வராமல். பழைய தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். புதிய தாளைப் படித்தேன். நன்றாகவே படித்தேன், 'கடுங்காவல்' என்ற சொல்லுக்கு முன்னால் சின்ன இடைவெளிகூட விட்டேன்.

அன்றிரவு வீடு திரும்பினால், ஸ்ரீரங்கத்தில் என் பக்கத்து வீட்டுக்காரர் வாசலிலேயே காத்திருந்தார். "தேவரீர் தீர்ப்புச் சொன்னது கணீர்னு இருந்தது, ஸ்வாமி" என்றார். நானும் ஒரு அசடு, வணக்கம் சொன்னேன்.

மறுநாள் காலை நிலைய வாசலில் காதர் நின்றார். மார்க்கெட் பக்கத்துப் பார்க்கில் ரேடியோ ஒலிபெருக்கிக்குக் கீழே முதலாளியை உட்கார வைத்து, தானும் பக்கத்தில் நின்று கேட்டாராம். தீர்ப்பு வந்ததும் முதலாளி துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

"கோர்ட்டு ஜட்ஜு என்னைய விட்டுட்டாருங்க. நீங்கதான் உள்ள போட்டுட்டீங்க. குரல் உங்களுதுதானே, ஐயா?"

ஆமாம் என்றேன். அவர் துறையூர்ப் பக்கம் வேலை தேடிப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். தொடரையும் அந்த வாரத்தோடு நிறுத்தினார்கள். நேயர்களுக்குப் பொழுதுபோக்கு போதவில்லையாம்.

அதிகாரியைப் பல வருஷம் திட்டித் தீர்த்தேன். அவர் சிவப்பு மை மட்டும்தான் வைத்திருந்தார். மைக் என் முன்னால் இருந்தது, பழைய தாள் என் பையில் இருந்தது. அதைப் படித்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார்? ஒலிபரப்பை வெட்டியிருப்பார், என் வேலையும் போயிருக்கும். ஆனால் தீர்ப்பு சொல்லும் நேரத்தில் வானொலி சட்டென்று ஊமையாகியிருந்தால், ஏன் என்று மார்க்கெட்டுக்குப் புரிந்திருக்கும். மைக் முன்னால் உட்காரப் போகிறவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: தாளில் யார் எழுதினாலும், ஊர் கேட்பது உங்கள் குரலை.