தீட்டு நாளில் நான் தொட்ட கோயில் கணினி

இதை எழுத ஆறு வருடம் தயங்கினேன். ஒவ்வொரு வருடமும் லட்சார்ச்சனை முடிந்ததும் நோட்டை எடுப்பேன், நாலு வரி எழுதுவேன், மூடிவிடுவேன். உண்மையைச் சொன்னால் என் அண்ணிக்குக் கிடைத்த ஆறுதல் ஒன்று போய்விடும் என்ற பயம்தான். இப்போது கும்பாபிஷேக மலருக்காக, எங்கள் கோயிலில் 'நடந்த அற்புதம்' என்று அதே சம்பவத்தை அச்சடிக்கப் போவதாகச் சொன்னார்கள். அம்மன் பெயரில் நடக்காத ஒன்று அச்சேறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நான் பதினைந்து வயதில், படிவம் மூன்றோடு பள்ளிப் படிப்பை விட்டவன். எங்கள் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை. அங்கே இயந்திரங்களுக்குக் கறுப்புத் திரையில் கட்டளை தட்டித் தட்டிக் கணினி கொஞ்சம் பழகிவிட்டது. அதை வைத்துக் கோயில் ஆபீஸில் கிடந்த பழைய கணினிக்கு இலவச இயங்குதளம் போட்டு, அர்ச்சனைப் பெயர்களுக்கு ஒரு சிறு புரோகிராமும் எழுதிக் கொடுத்திருந்தேன். படம், பட்டன் எதுவும் கிடையாது. எழுத்து மட்டும்தான். ஒரு குடும்பம் ஒரு வரி. பெயர், நட்சத்திரம். ஒருமுறை பதிந்தால் வருடா வருடம் லட்சார்ச்சனையின் முதல் நாள் சங்கல்பத்தில் குருக்கள் அந்தப் பெயர்களை வாசித்து, ஆயுளும் ஆரோக்கியமும் வேண்டுவார்.

அந்த வருடம் லட்சார்ச்சனைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது என் அண்ணன் இறந்துபோனார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் இருந்தார். காலையில் பசியாறிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

எங்களுக்குப் பதினாறு நாள் தீட்டு. கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. வீட்டில் என் மனைவி சாமி அலமாரிக்கு முன்னால் ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிவிட்டாள்.

ஐந்தாம் நாள்தான் பட்டியல் நினைவுக்கு வந்தது. அண்ணன் பெயர் அதில் இருந்தது. நான்தான் பதிந்தேன். அப்படியே விட்டால், காரியம்கூட முடியாத மனிதருக்கு நீண்ட ஆயுள் வேண்டிக் குருக்கள் ஒலிபெருக்கியில் வாசிப்பார். கோயில் நிகழ்ச்சிகள் கைப்பேசியில் நேரலையாக வரும். அண்ணி வெள்ளிக்கிழமை தவறாமல் கேட்பவர்.

கோயில் ஆபீஸில் சீட்டு எழுதும் அக்காவுக்கு அந்தப் புரோகிராமைத் தொடப் பயம். முந்தின வருடம் ஒரு பெயரைத் திருத்தப் போய் ஒரு பக்கத்தையே காணாமல் ஆக்கியவர். ஆக, வீட்டிலிருந்தே நான் அந்தக் கணினிக்குள் போக வேண்டும். போகலாமா என்பதுதான் கேள்வி. குருக்களுக்குப் போன் செய்தேன்.

"சாஸ்திரத்துல கம்ப்யூட்டர் பத்தி நான் எங்கேயும் படிக்கலைங்க" என்றார். "சந்நிதியில வந்து நிக்கக் கூடாது, தரிசனம் கூடாது. பேர் எழுதுறது வேற விஷயம். உங்க மனசு ஒப்பினா செய்யுங்க."

என் மனைவி பக்கத்திலேயே கேட்டுக்கொண்டிருந்தாள். "கோயிலுக்குள்ள கால் வைக்கக் கூடாதாம், கை மட்டும் வைக்கலாமாம். நல்ல நியாயம் போங்க!"

எந்த வழியாகப் போவது என்று பார்த்தேன். சுலபமானது, அங்குள்ள திரையை அப்படியே இங்கே காட்டும் மென்பொருள். அக்கா அந்தப் பக்கம் அதைப் போட்டு, வந்த எண்ணைப் போனில் படித்தார். நான் தட்டினேன். திறந்தது.

ஆபீஸ் திரையில் அக்கா வாராவாரம் அம்மன் அலங்காரப் படத்தை மாற்றி வைப்பார் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. சந்தனக் காப்பில் அம்மன், திரை முழுக்க. ஓரத்தில் சிறு கட்டத்தில் சந்நிதிக் கேமரா வேறு; தீபம் அசைவது தெரிந்தது.

"மூடுங்க! முதல்ல மூடுங்க!" என்று மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அலமாரிக்குத் துணி கட்டிட்டு, மேசை மேல கொண்டாந்து வைக்கிறீங்களே!"

மூடிவிட்டேன். கன்னத்தில் போட்டுக்கொள்ளலாமா கூடாதா என்றுகூடத் தெரியவில்லை. அந்த மென்பொருளை அன்றே எடுத்துவிட்டேன்.

மிச்சம் இருந்தது டெர்மினல் வழி. தொழிற்சாலையில் நான் தினமும் செய்வது. கறுப்புத் திரை, எழுத்து, அவ்வளவுதான். அங்கே படம் வர வழியே இல்லை. அம்மனை நான் பார்க்கவும் மாட்டேன், சந்நிதி தெரியவும் தெரியாது. இது என் மனதுக்கு ஒப்பியது. ஆனால் கோயில் கணினியில் அதற்கான கதவை யாராவது திறந்துவிட வேண்டும். மறுநாள் காலை அக்காவுக்குப் போனிலேயே சொல்லச் சொல்ல அவர் தட்டினார்.

"அக்கா, இப்ப ஒரு சின்னக் கோடு போடுங்க."

"மேலயா, கீழயா?"

"நடுவுல."

"எந்த நடுவுல? கண்ணாடிய வேற வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன் லா, தம்பி."

"கழித்தல் கோடுக்கா."

"அதச் சொல்றதுக்கு என்ன? நான் அர்ச்சனைச் சீட்டு எழுத வந்தவ, ராக்கெட் விட வந்தவ இல்ல."

மூன்று தடவை தப்பாகி, நாலாவது தடவை கதவு திறந்தது.

அதற்கப்புறம் என் பக்கத்தில் ஒரு தொல்லை. என் மடிக்கணினியில் இருந்த டெர்மினல் மென்பொருள் தமிழை வெறும் கட்டங்களாகக் காட்டியது. தொழிற்சாலையில் எல்லாம் ஆங்கிலம் என்பதால் இதை நான் கண்டதே இல்லை. எல்லாக் குடும்பங்களும் கட்டம் கட்டமாக, ஒன்றுபோலவே நின்றன. ஆங்கிலத்தில் இருந்த தலைப்பெழுத்து மட்டும்தான் தெரிந்தது; அது அப்பா பெயருடையது, அண்ணனுக்கும் எனக்கும் ஒன்றே. எது அவர் வரி, எது என் வரி என்று தெரியவில்லை. இன்னொரு டெர்மினலைப் போட்டேன். எழுத்து வந்தது, ஆனால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், புள்ளி தனியாக. மூன்றாவதாக ஒன்றைத் தேடிப் போட்டேன். கொஞ்சம் மெதுவானது. ஆனால் தமிழ் தமிழாக வந்தது. அதையே வைத்துக்கொண்டேன். இன்றும் அதுதான்.

லட்சார்ச்சனைக்கு முந்தின நாள், வியாழக்கிழமை மத்தியானம். நடை சாத்தியிருந்தது. அக்கா அச்சுப்பொறியில் தாள் வைத்துவிட்டு, ஆபீஸைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போயிருந்தார். நான் குளித்துவிட்டு உட்கார்ந்தேன். சீட்டுகளை அக்கா படம் எடுத்து அனுப்பியிருந்தார். புதுப் பெயர்களை முதலில் ஏற்றினேன். அடுத்து என் குடும்ப வரிக்கும் அண்ணன் குடும்ப வரிக்கும் முன்னால் ஒரு குறி வைத்தேன். குறி வைத்த வரி அந்த வருடம் அச்சாகாது. தீட்டுக்கு அது போதும். ஆனால் அடுத்த வருடம் யாராவது குறியை எடுத்தால் அண்ணன் பெயரும் சேர்ந்தே வந்துவிடும். அதனால் அந்த ஒரு பெயரை மட்டும் நீக்கக் கட்டளை கொடுத்தேன்.

'நிச்சயமா? ஆம் / இல்லை' என்று கேட்டது. அந்தக் கேள்வியை எழுதி வைத்ததும் நான்தான், அக்கா மாதிரி யாரும் அவசரப்பட்டு அழிக்கக் கூடாதென்று.

அந்த வரியை இன்னொரு முறை படித்தேன். கேட்டை நட்சத்திரம், அவருடையது. 'ஆம்' என்று தட்டினேன். அண்ணி பெயர் வரியின் முன்னுக்கு நகர்ந்து வந்தது. பிறகு அச்சுக்கு அனுப்பினேன்.

அந்த நேரத்தில் கோயிலைக் கூட்டிப் பெருக்கும் பெரியவர் ஆபீஸ் ஜன்னல் பக்கம் வந்திருக்கிறார். பூட்டிய அறைக்குள் யாருமில்லை, தாள் தானாக வந்து விழுகிறது. கும்பிட்டுவிட்டு ஓடிப்போய் நாலு பேரிடம் சொல்லிவிட்டார். மறுநாள் பட்டியல் சரியாக வாசிக்கப்பட்டதும், இறந்தவர் பெயர் அதில் வரவில்லை என்று யாரோ கவனித்திருக்கிறார்கள். அக்காவிடம் கேட்டபோது அவர் வாய் திறக்கவில்லை. தீட்டுக்காரன் தொட்டான் என்று நிர்வாகத்துக்குத் தெரிய வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அது என் தப்பு.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கோயில் பெண்கள் சிலர் வந்திருந்தார்கள். அவர்கள் போன பிறகு அண்ணி என்னிடம் வந்தார். அத்தனை நாளில் அவர் முகம் தெளிந்து நான் பார்த்தது அன்றுதான்.

"தம்பி, கேட்டீங்களா? உங்க அண்ணனே வந்து பேரை எடுத்துட்டுப் போயிட்டாராம்."

என் கையில் சாப்பாட்டுத் தட்டு இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆறு வருடம் சொல்லவில்லை.

மலர்ச் செய்தி தெரிந்ததும் ஃபெர்ரி ஏறிப் பட்டர்வொர்த் போனேன். அண்ணி கிளாஸில் சூடாகத் தே போட்டுக் கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன்: வெள்ளை வேட்டி, அம்மன் படம், கட்டம் கட்டமாக வந்த பெயர்கள், கடைசியில் தட்டிய 'ஆம்'.

"உங்க அண்ணனுக்குப் போன்ல ஒரு மெசேஜ் அனுப்பத் தெரியுமா, தம்பி?" என்றார் அண்ணி. "அவரு வந்து கம்ப்யூட்டர்ல பேரை அழிச்சாருன்னா நான் எத்தன நாள் நம்புவேன்? மொத வருசம் நம்புனேன். நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன் அண்ணி கேக்கல?"

"நீங்களா சொல்லட்டும்னுதான்." தே ஆறிவிட்டதென்று கிளாஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வர நேரமாயிற்று. வந்து, "மலர்ல போடுறதா இருந்தா சரியாப் போடுங்க" என்றார்.

அதனால் மலர்க் குழுவினரையும் படிப்பவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். இதை யாரிடம் சொன்னாலும் இருந்தபடியே சொல்லுங்கள். அச்சுப்பொறி தானாக ஓடவில்லை. என் அண்ணன் வரவில்லை. தீட்டு இருந்ததை விட்டுவிடாதீர்கள், நான் மறைத்ததையும் விட்டுவிடாதீர்கள். அம்மனுக்குச் செய்ய வேலை நிறைய இருக்கிறது. இதை அவள் கணக்கில் சேர்க்க வேண்டாம். அண்ணன் பெயரை எடுத்தது என் விரல்.