மேடு கண்டால் இழுக்காத வண்டி

ஆஸ்திரேலியப் பாலைவன நகரமான ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் மெரின் டால்ஹர்ஸ்டின் கைவேலையைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை, அந்த விபத்து நடக்கும்வரை. பதினாறு வயதில் சுரங்கத்து டீசல் பட்டறையில் வேலை கற்கச் சேர்ந்தவள். நாற்பது ஆண்களுக்கு நடுவே ஒரே பெண். முதல் வாரமே அவளுடைய பூட்ஸுக்குள் கிரீஸை நிரப்பி வைத்தார்கள். அவள் ஒரு வார்த்தை பேசாமல் அதைக் கழுவிப் போட்டுக்கொண்டு, அன்று சாயங்காலத்துக்குள் அவர்கள் மூன்று நாளாகத் திறந்து மூடிக்கொண்டிருந்த, மண் அள்ளும் லோடரை ஓடவைத்தாள்.

ட்ரெவரைக் கட்டிக்கொண்டது இருபத்தாறில். அவன் ஆழ்துளைக் கிணறு போடும் லாரி ஓட்டினான். ஜூன் வந்தால் பாலைவனப் பந்தயம் ஓட்டினான். போக இருநூற்று முப்பது கிலோமீட்டர், மறுநாள் அதே மண்ணில் திரும்பி வர வேண்டும். வண்டியின் சட்டம் அவன் வாங்கியது. இன்ஜின் அவள் கட்டியது. நான்கு முறை ஜெயித்தார்கள். படங்களில் அவன் வண்டிக் கூரைமேல் நிற்பான். அவள் எங்கோ ஓரத்தில் தீயணைப்பு உருளையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

ஐந்தாவது முறை, திரும்பி வரும் வழியில் அறுபத்திரண்டாவது கிலோமீட்டரில், ஒரு மேட்டைத் தாண்டியதும் மழைநீர் அறுத்துவிட்டிருந்த பள்ளத்தில் வண்டி விழுந்தது. நான்கு குட்டிக்கரணம். ட்ரெவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லிக்கொண்டிருந்த ரோரிக்கு முதுகெலும்பு போயிற்று. ரோரி மெரினின் தம்பி. அதன்பிறகு அவன் எழுந்து நடக்கவில்லை.

மறுவருஷம் ட்ரெவர் வேறொருவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஓட்டினான். பத்தொன்பதாவதாக வந்தான். தலைக்கவசத்தைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னான்.

"இழுக்கல மெரின். மேடு வந்தாலே செத்துப்போவுது. டர்போ காத்தே தள்ள மாட்டேங்குது."

"போன வாரம் நான் ஓட்டிப் பாத்தப்ப நல்லாத்தானே இழுத்துச்சு."

"நீ ஓட்டுனது ரோட்டுல. நான் ஓட்டுறது பந்தயம்."

அவள் நம்பினாள். ஓட்டுகிறவன் சொல்லை நம்பித்தான் குறையைத் தேட முடியும். காற்று வடிகட்டியை மாற்றினாள். டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, சூடான பிறகு உள்சுவர் உரிந்து வழியை அடைக்கிறதா என்று பார்த்தாள். எரிபொருள் பம்ப், சென்சார்கள், கடைசியில் டர்போவே புதிது. அடுத்த ஜூனில் இருபத்தொன்றாவது இடம்.

ஊர் வாய் சும்மா இருக்குமா. கிளப்பில் பீர் கிளாஸோடு ஒருவன், "மெரின், பேசாம முன்னாடி ஒரு ஒட்டகத்தக் கட்டிடு. அதுக்கு டர்போ வேணாம்" என்றான். மேசையே சிரித்தது. ட்ரெவரும் சிரித்தான். அவன் சிரித்ததுதான் அவளுக்கு வீடு வரைக்கும் வலித்தது. அவளுடைய பட்டறைக்கு வழக்கமாக வண்டி கொண்டுவருகிறவர்களில் மூன்று பேர் அந்த வருஷம் வேறு பட்டறைக்குப் போனார்கள்.

விபத்துக்குப் பிறகான மூன்றாவது பந்தயத்துக்கு முன் அவள் வண்டியில் ஒரு பதிவுக் கருவியைப் பொருத்தினாள். டர்போ தள்ளும் காற்றழுத்தம் நொடிக்கு நொடி அதில் பதிவாகும். இணைப்பில் ஒரு இடம் மிச்சமிருந்ததால் ஆக்சிலரேட்டர் மிதியையும் அதில் சேர்த்துவிட்டாள். பந்தயம் முடிந்து, கருவி வரைந்திருந்த அழுத்தத்தின் கோட்டைப் பார்த்தபோது அவளுக்கு சந்தோஷமாகக்கூட இருந்தது. ட்ரெவர் சொன்னது பொய்யில்லை. ஒவ்வொரு மேட்டிலும் அழுத்தம் சரிந்திருந்தது. அந்தச் சரிவின் பின்னால் நான்கு மாதம் அலைந்தாள்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளியே தகரக் கூரை வெயிலில் படபடவென்று வெடித்துக்கொண்டிருக்க, மிதியின் கோட்டை அழுத்தத்தின் கோட்டுமேல் வைத்துப் பார்த்தாள். டர்போ என்பது இன்ஜின் வெளியே தள்ளும் புகையால் சுற்றுகிற விசிறி. மிதித்தால்தான் புகை. புகை வந்தால்தான் காற்று. ஒவ்வொரு மேட்டிலும் அழுத்தம் விழுவதற்கு அரை நொடி முன்னால் மிதியின் கோடு விழுந்திருந்தது. ட்ரெவர் காலை எடுத்திருந்தான். வழியில் எதிரே என்ன இருக்கிறதென்று தெரியாத மேடுகள் பதினொன்று. பதினொன்றிலும் அப்படித்தான்.

அவளால் உடனே நம்ப முடியவில்லை. மறுவாரம் தனியாக வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய் அதே பாதையில் ஓட்டினாள். அறுபத்திரண்டாவது கிலோமீட்டர் மேடு எதிரே எழுந்தது. அவள் காலை எடுக்கவில்லை. வண்டி வெறி பிடித்ததுபோல் இழுத்துக்கொண்டு போனது. அந்தப்பக்கம் நிறுத்தி, சிவப்பு மண்ணில் இறங்கி வாந்தி எடுத்தாள்.

இரண்டு கோடுகளையும் காகிதத்தில் அச்செடுத்து முதலில் ரோரியிடம்தான் காட்டினாள். அவன் சக்கர நாற்காலியை ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டுபோய் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"என் முதுகு உடைஞ்ச சத்தம் அவன் காலுக்கு இன்னும் கேக்குது, அக்கா."

"அத என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"அவனுக்கே தெரியாம இருக்கலாம். விட்டுடு. பயந்தாங்கொள்ளின்னு ஊர் சொன்னா அவனால தாங்க முடியாது."

"மூணு வருஷமா என்னை வேலை தெரியாதவங்குறாங்க ரோரி. நான் தாங்கிக்கிட்டுத்தானே இருக்கேன்?"

காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

ட்ரெவரிடம் பட்டறையில் வைத்துச் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். பயம் வருவது தப்பில்லை, யாருக்கும் வரும், நாம் ஓட்டுவதை நிறுத்திவிடலாம் என்றாள். அவன் காகிதத்தைத் தொடவே இல்லை.

"சென்சார் தப்பு."

"மூணு சென்சார் மாத்திட்டேன்."

"அப்ப நீ மாட்டுனது தப்பு." துணியில் கையைத் துடைத்தான். "உன் தம்பிய நான் வேணும்னு கவுத்தேன்னு நினைக்கிற. அதான் இது."

"நான் அப்படிச் சொல்லல."

"சொல்லாம என்ன. இத்தன நாள் மனசுல வெச்சிருந்து இன்னிக்குப் படம் போட்டுக் காட்டுற."

பதினைந்து நாளில் அடிலெய்டிலிருந்து கீரன் மோஸ் என்று ஒரு மெக்கானிக்கை வரவழைத்தான். உள்ளூர் ரேடியோவில், "வீட்டுலயே வேலைய வெச்சுக்கிட்டதுதான் தப்பு" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். மோஸ் பெரிய டர்போவாக மாட்டினான். பழையதைப் பெட்டியில் போட்டு மூலையில் தள்ளினான். ஒருநாள் அவன் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மெரின் பக்கத்தில் போய் நின்றாள்.

"மிதியோட கோட்டப் பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்புறம்?"

"டர்போவப் பாக்கத்தான் என்னைக் கூப்பிட்டார். காலப் பாக்க இல்ல." அவன் முகத்தைத் திருப்பவில்லை. "உங்க வேலைல ஒரு குத்தமும் இல்ல மெரின். நான் சொன்னேன்னு வெளிய சொல்லிடாதீங்க."

அடுத்த ஜூனில் இருபத்தாறாவது இடம். கிளப் விருந்தில் ட்ரெவர் ஓய்வு பெறுவதாக அறிவித்தான். "மனசு இன்னும் ஓடத் தயார்தான். இன்ஜின்தான் கைவிட்டுருச்சு" என்றான். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். உட்கார்ந்திருந்தால் அதையும் ஒரு கதையாக்குவார்கள் என்று மெரினும் எழுந்து நின்றாள்.

வண்டியை மவுண்ட் ஐசாவிலிருந்து டாம்சின் பிராடி என்ற பெண் வந்து விலைக்கு வாங்கிக்கொண்டு போனாள். மோஸ் மாட்டிய பெரிய டர்போ சுழன்று வேகமெடுக்க நேரமாகிறது என்று அதைக் கழற்றிப் பெட்டியிலிருந்த பழையதையே திரும்ப மாட்டிக்கொண்டாள். வேறெதிலும் கை வைக்கவில்லை. அடுத்த ஜூனில் அவள் முதலாவதாக வந்தாள், ட்ரெவர் ஜெயித்தபோது எடுத்த மிகக் குறைந்த நேரத்தைவிட ஒன்பது நிமிஷம் குறைவாக.

செய்தி ரேடியோவில் வந்தபோது இருவரும் காலைச் சாப்பாட்டில் இருந்தார்கள். ட்ரெவர் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னான்.

"கடைசில யாரோ அந்தக் குறையக் கண்டுபிடிச்சுட்டாங்க போல."

"அவங்க ஒண்ணும் கண்டுபிடிக்கல, ட்ரெவர். மிதிச்சாங்க."

அவன் கத்தியைக் கீழே வைத்தான். பிறகு எழுந்துபோய் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினான். அந்த வீட்டில் அதைப்பற்றி அவர்கள் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு அதுதான்.

ஆகஸ்டில் மெரின் டென்னன்ட் கிரீக்கில் சாலை போடும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலைக்குப் போய்விட்டாள். ரோரியைத் தன்னோடு வரச் சொன்னாள். அவன் வரவில்லை. சனிக்கிழமைகளில் ட்ரெவர்தான் அவனைக் காரில் ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டுகிறான். ட்ரெவருக்கும் வேறு துணை இல்லை என்று தம்பி ஃபோனில் சொன்னான். ஆலிஸில் இன்றைக்கும் மெரின் பேரை எடுத்தால், நல்ல பொம்பள, டர்போதான் அவளுக்குப் பிடிபடவே இல்லை என்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டு ட்ரெவர் பக்கத்திலேயே நிற்பான். மறுத்துப் பேசமாட்டான்.